மன்று அணையாது

"உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது, தங்கப்பழம் சார். இல்லாததை இழக்கிறேன் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?"

ரெஜினா மச்சாது இதை எழுதி அனுப்பியபோது மணி மாலை ஐந்து நாற்பது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தின் வடக்கு மூலையில் இருக்கும் தம் ஐஸ் பிளாண்டின் மாடி அறையில், கைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே கம்ப்ரசர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு எழுத்து ஓடாது.

பன்னிரண்டு நொடிகளில் பாளையங்கோட்டையிலிருந்து பதில் வந்தது.

"கூச்சமா? முப்பத்து மூன்று வருடம் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான், அம்மா. உங்களுடையதைப் போல அறுபத்திரண்டு ஐஸ் பிளாண்டுகள் மாலை ஆறிலிருந்து பத்து வரை இழுப்பது முப்பத்தோரு மெகாவாட். அந்த நேரத்தில் நமக்குத் தினமும் குறைவது எவ்வளவு? அதே முப்பத்தோரு மெகாவாட். பிழை இருந்தால் பிழையைக் காட்டுங்கள். என் அடுப்படியைக் காட்டாதீர்கள்."

"ஆறு மணிக்கு நிறுத்தினால் விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டி உறைந்திருக்காது. ஐஸ் இல்லாமல் படகு போகாது. போனாலும் மீன் மீனாகத் திரும்பி வராது. நீங்கள் என் பிளாண்டை நாலு மணி நேரம் நிறுத்தச் சொல்லவில்லை, சார். மூடச் சொல்கிறீர்கள்."

"அதற்குப் பதிலாக ஊரில் உள்ள ஏசியை எல்லாம் அணைக்க வேண்டுமாக்கும்?"

"நாலு மணி நேரம் ஏசி இல்லாவிட்டால் மனுசர் உருகிவிட மாட்டார்கள். ஐஸ்தான் உருகும்."

இந்த வரிக்குக் கீழே ஒரு நிமிடத்துக்குள் நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

தென்கரை மின்வட்டம் என்பது கடற்கரையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை நாலு லட்சம் வீடுகள். காற்றாலையும் சூரியத் தகடுகளும் தரும் மின்சாரம் பகலில் தாராளம். சூரியன் இறங்கிக் காற்றும் படுத்துவிடும் மாலை நேரத்தில்தான் இழுபறி. அப்போது மின்கலக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கலங்களும் இன்னும் ஓராண்டுக்கு மேல் தாங்காது என்று ஆகிவிட்டது.

யாருக்கு எப்போது மின்சாரம் என்பதைத் தீர்மானிக்க அங்கே அமைச்சர் கிடையாது, அதிகாரி கிடையாது. பதினோரு ஆண்டுகளாக மின்மன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் மன்றில் எழுதலாம். எழுதியதை நிறுவை எடைபோடும். நிறுவை என்றால், உப்பளச் சாலையில் ஜன்னலே இல்லாத ஒரு கூடத்துக்குள் வரிசை வரிசையாக நிற்கும் கணிப்பொறிகள். நீங்கள் ஒரு வரி எழுதினால், அதுவரை மன்றில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியோடும் அதை ஒப்பிட்டு, இது புதிதா, சொன்னதையே சொல்வதா, மெய்யா, வெறும் சத்தமா என்று நொடியில் சொல்லிவிடும். அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். "எங்க ஊர்ல கத்துறவன் ஜெயிக்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்று ரயிலடி ஆட்டோக்காரர்கூடச் சொல்லிக் காட்டுவார்.

மன்றின் விதிகள் மொத்தம் ஒன்பது. முதல் விதி ரெஜினா எழுதியது: 'மருத்துவமனை, குடிநீர், மன்று. இம்மூன்றும் எந்நாளும் அணையாது.' தொடக்க நாட்களில் இதை எழுதியபோது மன்று முழுக்க எழுந்து நின்றதுபோல் இருந்தது; 'மன்று அணையாது' என்று மன்றின் வாசல் திரையிலும் அவர் பெயரோடு பொறித்துவிட்டார்கள். ஏழாம் விதி தங்கப்பழம் எழுதியது: 'வாழ்ந்த நாளே வாக்கு.' அதாவது, ஒன்றைச் சட்டமாக்கச் சொல்பவரும் அதை ஆதரிப்பவரும் முதலில் அதைப் பதினைந்து நாள் தங்கள் வீட்டில் வாழ்ந்து காட்ட வேண்டும். நிறுவை எண்ணுவது அப்படி வாழ்ந்தவர்களைத்தான், பேசியவர்களை அல்ல. முடியாதவர்களுக்குத் திரையின் ஓரத்தில் 'பின்வாங்கு' என்று ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தியவர் பெயர் மன்றின் வாசலில் ஒரு மாதம் தொங்கும். அழுத்தியவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இந்த இருவரும் பதினோரு ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஏழாம் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. ஐஸ் பிளாண்டை நிறுத்தச் சொல்பவர் தம் வீட்டில் எதை நிறுத்துவது? ஃபிரிட்ஜை என்றார்கள். ஃபிரிட்ஜ் இல்லாதவருக்கு ஒன்றும் குறையாது. இரண்டு ஆண்டு போராடி ரெஜினா அதை அடைத்தார். ஈடுமானி வந்தது. வீட்டு மின்மானிக்குள் உட்கார்ந்து ஓர் ஆண்டு முழுக்க அது பார்த்துக்கொண்டிருந்தது: எது நின்றால் இந்த ஆள் பதறி எழுகிறார், எது நின்றால் தெரியாமலே இருக்கிறார் என்று. அடுத்தவரிடம் நீங்கள் கேட்கும் இழப்பு அவருக்கு எவ்வளவு கனமோ, அதே கனமுள்ள ஒன்றை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஈடுமானிக்கு இன்று மாலை ஆறு மணிக்கு முதல் நாள். ஐஸ் பிளாண்டுக்கு எதிரான தங்கப்பழத்தின் முன்மொழிவுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பேர். ஏசிக்கு எதிரான ரெஜினாவின் முன்மொழிவுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். பதினைந்து மாலையும் முடிந்து மறுநாள் ஆறு மணிக்கு எந்தப் பக்கம் அதிகம் பேர் நிலைத்து நிற்கிறார்களோ, அது சட்டம். முப்பதாயிரம் பேருக்கு மேல் அந்தப் பக்கம் பின்வாங்கினால்தான் பிளாண்ட் பிழைக்கும்.

"ஏ பால்துரை, மேல வா," என்று ரெஜினா கூப்பிட்டார்.

பிளாண்டின் மேஸ்திரி பால்துரை, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"இன்னும் ரெண்டு நிமிசம். அந்த மனுசனுக்கு என்னத்த நிறுத்துதுன்னு பாப்போம். முப்பத்து மூணு வருசம், முப்பத்து மூணு வருசம்னு சொல்லுவாருல்லா. ஆறு மணிக்கு மேல சத்தம் வருதான்னு பாரு."

"அவரு வீட்ல என்னக்கா இருக்கு நிறுத்த? ஒரு காத்தாடி, ஒரு பல்பு."

"ஏதாவது இருக்கும்டா. ஒண்ணுமே பெருசில்லாத மனுசன் உண்டா?"

மணி ஆறானது. திரை ஒருமுறை வெளுத்து, பிறகு எழுத்து வந்தது.

'ரெஜினா மச்சாது. உங்கள் ஈடு: மின்மன்றில் பேசுதல். மாலை ஆறு முதல் பத்து வரை. பதினைந்து நாள்.'

ரெஜினா அதை இரண்டு முறை வாசித்தார்.

"என்னக்கா?"

"என் வாயக் கட்டிட்டுதுடா."

"உங்க வாயையா!" பால்துரைக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு தம் கைப்பேசியை எடுத்தார். சிரிப்பு நின்றது. "ஏ, எனக்கும் அதேதாங்க்கா போட்டிருக்கு."

"உனக்குமா? நீ என்ன, வாரத்துக்கு ஒரு வரி எழுதுவ."

"வாசிப்பேன்லா. நீங்க சார வாருறத வாசிக்காம எனக்குச் சோறு எறங்காது."

ரெஜினா திரையின் ஓரத்தைப் பார்த்தார். சிவப்புப் பொத்தான் அங்கேயே இருந்தது. "தொட மாட்டேன்," என்றார் சத்தமாக. "பாளையங்கோட்டைக்காரரு முதல்ல தொடட்டும்."

பாளையங்கோட்டையிலும் அந்த நேரத்தில் ஒருவர் அதே திரையை அதே சொல்லோடு பார்த்து, 'தூத்துக்குடிக்காரி முதல்ல தொடட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ரெஜினாவுக்குத் தெரியாது. இன்னும் மூன்று லட்சம் பேர் வீட்டிலும் அதே கதை என்பது இருவருக்குமே தெரியாது.

மறுநாள் பகலில் தெரிந்தது. நாலு லட்சம் வீட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஈடுமானி எடுத்தது ஒன்றைத்தான்: மன்றில் பேசுவதை. விதிவிலக்கு சில உண்டு. பால்துரையின் மனைவி, புருசன் சொன்னாரே என்று ஒரே ஒரு முறை ஆதரவுக் குறி இட்டவர்; அவருக்குக் கிரைண்டர் நின்றுபோனது. "ஒங்க அக்கா ஐஸுக்கு எங்க வீட்டு இட்லி என்னய்யா பண்ணிச்சு?" என்று பால்துரையிடம் சண்டைக்கு வந்தார். ஆனால் அந்த அம்மாவும் பொத்தானைத் தொடவில்லை. அம்மியைக் கழுவி எடுத்தார்.

ஒருவரும் தொடவில்லை. தன் பெயர் வாசலில் தொங்க எவருக்கும் மனம் வரவில்லை. ஆறு அடித்ததும் மன்று கல்போல் ஆனது. நிறுவைக்கு எடைபோட ஒரு வரிகூட வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை. ரெஜினா முதல்முறையாகப் பொழுது போகாமல் கீழே இறங்கி, உப்புத்தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார். சுவரைப் பார்த்தார். நின்றார்.

"பால்துரை, இந்த வெளக்கு பீஸ் போயிருக்கா?"

எல்லாத் தொழிற்கூடங்களிலும் உள்ள மஞ்சள் விளக்கு அது. வட்டத்தில் மின்சாரம் குறைந்தால் தானாக எரியும். இரண்டு ஆண்டுகளாக ஆறு மணிக்கு எரியத் தொடங்கிப் பத்து மணிக்கு அணைந்துகொண்டிருந்தது. இப்போது எரியவில்லை.

"பல்பு நல்லாத்தான் இருக்குக்கா. மூணு நாளா எரியல. காத்து அடிக்குதோ என்னமோ."

"அடிச்சா நமக்குத் தெரியாதா? கொடியப் பாரு, தொங்குது."

அப்போது வாசலில் லாரி வந்து நின்றது. நிறுவைக்கூடத்துக்குப் போன லாரி. அந்தக் கணிப்பொறிகள் மாலையில் கொதித்துப்போகும் என்பதால், அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டிக்குத் தினமும் அறுபது கட்டி ஐஸ் ரெஜினாவின் பிளாண்டிலிருந்து போகும். அறுபதும் அப்படியே திரும்பி வந்திருந்தன.

"வேண்டாம்னுட்டாங்க," என்றார் லாரி டிரைவர். "மிஷினு சூடே ஆகலயாம். தொட்டிக்குள்ள நேத்து போட்ட கட்டியே முழுசா மெதக்குது."

ரெஜினா லாரியின் அருகே போனார். திரும்பி வந்த கட்டிகளைப் பார்த்தார். சுவரில் இருந்த விளக்கைப் பார்த்தார். பிறகு, "இறக்கி வை," என்று மட்டும் சொன்னார்.

ஏழாம் நாள் மாலை நாலரை மணிக்கு, பிளாண்ட் வாசலில் ஒல்லியாக, உயரமாக ஒருவர் வந்து நின்றார். கையில் குடை, தோளில் துணிப்பை.

"ரெஜினா அம்மா இருக்காங்களா?"

அந்தக் குரலை ரெஜினா கேட்டதே இல்லை. ஆனாலும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததும் ரெஜினாவுக்குத் தெரிந்துவிட்டது.

"தங்கப்பழம் சாரா?"

"பஸ்ல வந்தேன். ஈடுமானி மன்றுலதான் பேசக் கூடாதுன்னிருக்கு. பஸ் ஏறக் கூடாதுன்னு சொல்லல."

"சண்டை போடவா பஸ் ஏறி வந்திய?"

"வேற என்னத்துக்கு? ஆறு நாளாச்சு. தொண்டைக்குள்ள நிக்கி. ஒங்க உப்புத்தண்ணித் தொட்டி எத்தன டிகிரியில இருக்குன்னு என் கண்ணால பாக்கணும். நாலு மணி நேரம் நிறுத்துனா உறையாதுன்னு நீங்க சொன்னது பொய்யின்னு நிரூபிக்கணும்."

"பாருங்க. நல்லாப் பாருங்க. பால்துரை, சாருக்கு ஒரு டீ சொல்லு. சீனி கூடப் போடச் சொல்லு, மனுசன் கசப்பு."

தங்கப்பழம் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார். கட்டிகளைத் தட்டிப் பார்த்தார். காகிதத்தில் என்னவோ எழுதினார். அரை மணி நேரம் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். கடைசியில் அவர் குடையை ஊன்றி நின்றார்.

"நீங்க சொன்னது சரிதான். உறையாது."

"என்ன சொன்னிய?"

"ஒரு தரம்தான் சொல்லுவேன்."

"பதினோரு வருசத்துல மொத தரம். பால்துரை, நீ சாட்சி!"

"அதுக்காக முப்பத்தோரு மெகாவாட்டு குறையுறது இல்லன்னு ஆயிருமா?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்," ரெஜினாவின் குரல் இறங்கியது. "இப்ப குறையுதா, சார்? ஆறு நாளா இந்த வெளக்கு எரியல. நீங்க துணைமின் நிலையத்துல இருந்தவரு. காத்து ஏதும் கூடியிருக்கா?"

"காத்தா? நேத்துதான் கணவாய்ப் பக்கம் போயிட்டு வந்தேன். ஒரு இறக்கை சுத்தல." தங்கப்பழம் விளக்கைப் பார்த்தார். பையிலிருந்து கைப்பலகையை எடுத்து, வட்டத்தின் சுமைப் பட்டியலை விரித்தார். "வீடு குறையல. ஆலை குறையல. ஐஸ் பிளாண்டு குறையல. பின்ன எங்க குறைஞ்சுது?"

"கீழ ஒரு வரி மடிச்சு வச்சிருக்கே, அது என்ன?"

"அது முதல் விதிச் சுமை. ஆஸ்பத்திரி, குடிநீர், மன்று. அது அணையாததாச்சே. அணைக்க முடியாதத கணக்குல போட்டு என்ன பிரயோசனம்? நான்தான் எப்பவும் கழிச்சிட்டுப் பாப்பேன். நான் மட்டுமில்ல, எல்லாருமே."

"விரிங்க."

விரித்தார். போன மாதம் மாலை ஆறிலிருந்து பத்து வரை எழுபத்து நாலு மெகாவாட். இந்த ஆறு நாளாக நாற்பத்து மூன்று.

தங்கப்பழம் விரலால் காற்றில் கழித்தார். மறுபடி கழித்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார்.

"ஆஸ்பத்திரியில நோயாளி குறைஞ்சிருப்பானோ?"

"கேலி பண்ணாதீங்கம்மா."

"கேலி இல்ல சார். எனக்கு நாலு நாளுக்கு முன்னாலயே தெரிஞ்சிட்டு. லாரி திரும்பி வந்தப்பவே. தெரியாத மாதிரி இருந்தேன்." ரெஜினா திரும்பி வந்த ஐஸ் கட்டிகளின் மேல் கையை வைத்தார். "ஒரு வரி எழுதுனா, அத அதுக்கு முன்னால எழுதுன எல்லா வரியோடயும் ஒப்பிடுது. பதினோரு வருசம் எழுதியிருக்கோம். மின்சாரம் ஏன் குறையுதுன்னு நாம எழுத எழுத, அது தின்னுக்கிட்டே இருந்திருக்கு. அதுக்குச் சூடு. அந்தச் சூட்ட ஆத்த என் ஐஸு."

தங்கப்பழம் அங்கே கிடந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"ஐஸ் பிளாண்ட நிறுத்த வேண்டியதில்ல," என்றார் மெதுவாக. "ஏசியையும் நிறுத்த வேண்டியதில்ல. ஆறிலிருந்து பத்து வரைக்கும் நாம பேசாம இருந்தாப் போதும்."

"ஆனா மன்று அணையாது. முதல் விதி."

"நீங்க எழுதுனது."

"நான் எழுதுனது," என்றார் ரெஜினா. "சார், என் வாழ்க்கையில நான் எழுதுனதுலேயே நல்ல வரி அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய மனப்பாடம் பண்ணுதாங்க. அத நானே வெட்டணுமா?"

"வெட்ட மனசில்லேன்னா விட்டிருங்க. இன்னும் ஒம்பது நாள்ல என் பக்கம் ஜெயிச்சிரும். ஒங்க வரி இருக்கும். ஒங்க பிளாண்டு இருக்காது."

"நீங்க பின்வாங்குனா?"

"நான் ஒருத்தன் வாங்குனா மிச்சம் ரெண்டு லட்சம் பேரு வாங்குவானா? அதுவும் போக..." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வாங்க மாட்டேன். என் பேரு அந்த வாசல்ல தொங்குறதாவது!"

"நானும்தான்," என்றார் ரெஜினா. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா சத்தம் வந்த பக்கம் திரும்பினார். தொட்டிக்கு அந்தப் பக்கம் இருபது பேர் நாளைக் காலைப் படகுகளுக்கான கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. வெட்டுதேன். இப்பமே மன்றுல போடுதேன். ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

"பொறுங்க, பொறுங்க! இப்ப போட்டா என்ன ஆகும்? எல்லாவனும் இதப் பத்திப் பேசணும்னு பொத்தான அழுத்திட்டு வெளிய வந்திருவான். ஒருத்தர் ரெண்டு பேருன்னாத்தான் வெக்கம். ஊரே சேந்து அழுத்துனா என்ன வெக்கம்? சண்டை ஆரம்பிச்சிரும். பதினஞ்சு நாள் பேசாம இருன்னு சொன்னா எவன் ஆதரிப்பான்? ஒருத்தன் வாழ்ந்து காட்ட மாட்டான்."

"இப்ப வாழ்ந்துக்கிட்டுத்தானே இருக்காங்க."

ரெஜினா இதை யோசிக்காமல்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏழாம் விதி," என்றார் தங்கப்பழம்.

"வாழ்ந்த நாளே வாக்கு. நீங்க எழுதுனது."

"எதுக்காக வாழ்ந்தான்னு அதுல எழுதல. வாழ்ந்தானான்னுதான் கேக்கும்." அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "ஆனா பதினஞ்சும் முடிய இன்னும் ஒம்பது நாள் இருக்கு, அது வரைக்கும் நாம ரெண்டு பேரும் மன்றுல வாயத் தொறக்கக் கூடாது. பகல்லயும்தான். ஒரு வரி கசிஞ்சா போச்சு."

"நான் இருப்பேன். நீங்க இருப்பியளா?"

"என்ன பாத்து இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"எல்லாரும் மனசுக்குள்ள கேட்டிருப்பாங்க, சார்."

அந்த ஒன்பது நாட்களைப் பற்றி பால்துரை பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார். அக்கா கைப்பலகையை ஐஸ் கிடங்குக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்ததும், ஒரு நாளைக்கு நாலு தடவை சாவியைக் கேட்டதும், அவர் கொடுக்க மறுத்ததும். சார் தினமும் நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, அக்காவோடு எட்டு மணி வரை நேருக்கு நேர் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனதும். "என்னத்தப் பத்திச் சண்ட?" என்று கேட்டால், "எல்லாத்தப் பத்தியும். ஒருநாள் டீக்கு எத்தன கரண்டி சீனின்னு ஒண்ணே கால் மணி நேரம்" என்பார்.

பதினைந்து மாலையும் முடிந்து, பதினாறாம் நாள் மாலை ஐந்தரை மணி. ரெஜினா மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கப்பழம். கதவருகில் பால்துரை. மன்றில் நாலு லட்சம் பேர் காத்திருந்தார்கள். இன்று ஆறு மணிக்கு யார் ஜெயிப்பார்கள் என்று ஊரே பந்தயம் கட்டியிருந்தது.

ரெஜினா எழுதினார். நீளமாக எழுதவில்லை. விளக்கு எரியாத பதினைந்து நாட்களைச் சொன்னார். எழுபத்து நாலையும் நாற்பத்து மூன்றையும் சொன்னார். திரும்பி வந்த ஐஸ் லாரியைச் சொன்னார். கடைசியில்:

'முன்மொழிவு: முதல் விதியிலிருந்து மன்று என்ற சொல்லை நீக்குக. மாலை ஆறு முதல் பத்து வரை மன்று அணையும்.'

கை ஒரு நொடி நின்றது.

"போடுங்கம்மா," என்றார் தங்கப்பழம், இதுவரை மன்றில் அவர் எழுத்தில் எவரும் கண்டிராத மென்மையோடு. "ரெண்டாவது வரியும் நல்லாத்தான் இருக்கு."

ரெஜினா அனுப்பினார்.

நிறுவை வழக்கம்போல் முதல் கேள்வியைக் கேட்டது: இதை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டா? தானே தேடியது. தானே எண்ணியது.

'பதினைந்து மாலை மன்றில் பேசாது வாழ்ந்தோர்: மூன்று லட்சத்து எழுபத்தோராயிரம் பேர். மாறாக வாழ்ந்தோர் எவரும் இல்லை. முன்மொழிவு ஏற்கப்பட்டது. பற்றாக்குறை இல்லாமையால் மற்ற இரு முன்மொழிவுகளும் தாமே விழுந்தன.'

மணி ஐந்து நாற்பத்தேழு. பிறகு வந்த பதின்மூன்று நிமிடங்களை மன்று அதற்கு முன் கண்டதில்லை.

"இது மோசடி!"

"அற்புதம்! இந்த ஊரில் பிறந்ததற்குப் பெருமைப்படுகிறேன்!"

"எங்களை இருட்டில் வைத்து இருவர் மட்டும் பேசிக்கொண்டார்கள்! ஒன்பது நாள் தெரிந்தும் சொல்லவில்லை!"

"நான் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை," என்று நாசரேத்திலிருந்து ஒருவர் எழுதினார்.

நிறுவை அவருக்குப் பதில் போட்டது: 'நீங்கள் பதினைந்து நாள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.'

"ஒப்புக்கொள்வது வேறு, மாட்டிக்கொள்வது வேறு! ரெஜினா அம்மா, நாங்கள் வாழ்ந்ததை எங்களைக் கேட்காமல் எப்படி வாக்காக எடுத்தீர்கள்? பதில் சொல்லுங்கள்!"

இந்தக் கேள்விக்குக் கீழே ஒரு லட்சம் பேர் கைதட்டினார்கள். நிறுவை அதை 'புதிது, மெய்' என்று எடைபோட்டது.

"நல்ல கேள்வி," என்றார் தங்கப்பழம் மெல்ல.

"நல்ல கேள்விதான்," என்றார் ரெஜினா. "பதிலும் இருக்கு என்கிட்ட." விரல்கள் பறந்தன. ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி. கீழே சுவரில் மஞ்சள் விளக்கு மினுக்கென்று எரியத் தொடங்கியது; அதைப் பார்த்துப் பால்துரை படியிறங்கி ஓடினார். நாலு லட்சம் பேரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மணி ஆறானது.

திரை அடங்கியது. அவர் எழுதிய மூன்று வரியும் அதோடு போயின. கீழே பால்துரை, "அக்கா, வெளக்கு அணைஞ்சிட்டு!" என்று கத்தினார். கம்ப்ரசர் ஒரு துளி தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூடிய திரையில் மன்றின் வாசல் மட்டும் தெரிந்தது. பதினோரு ஆண்டுகளாக அங்கே பொறித்திருந்த வரி நடுவில் ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது: 'மன்று அணையாது. எழுதியவர்: ரெஜினா மச்சாது.' அதற்குக் கீழே புது வரி: 'மாலை ஆறு முதல் பத்து வரை மன்று அணையும். எழுதியவர்: ரெஜினா மச்சாது.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, இரண்டு வரியையும் வாசித்தார்.

"ரெண்டும் என் பேர்லதான் இருக்கு, பாத்தியளா?"

"பாத்தேன், பாத்தேன். அந்தாளு கேட்டதுக்கு என்ன பதில் எழுதுனிய?"

"நாளைக்கு வெயில் வந்ததும் போடுதேன். வாசிச்சுக்கிடுங்க."

"அது வரைக்கும் நான் என்ன செய்ய? இப்பமே சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரியும், பதில் கிடையாது ஒங்ககிட்ட!"

"எங்கிட்டயா கிடையாது?" ரெஜினா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "பால்துரை, ரெண்டு டீ சொல்லு. எட்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."